சுவர் காயும்வரை

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள் அப்பா ஒரு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் வண்ண அட்டை வேறு. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, நூல் பிடித்து இழுத்தது போல ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாம் சேற்றின் நிறம். மேலே போன வருஷம் அடித்த வெளிர்மஞ்சள்.

“பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாராம். அடிச்சு வித்துட்டுக் கிளம்பிடலாம்டா” என்றார் அப்பா.

பெயிண்டர் எதுவும் சொல்லவில்லை. உள்ளங்கையைக் கோட்டுக்குக் கீழே வைத்து அழுத்தினார். எடுத்து எங்களிடம் காட்டினார். கை பளபளத்தது.

“ஐயா, இப்ப நான் அடிச்சா ரெண்டு மாசத்துல கொப்புளம் விட்டு உரிஞ்சு விழும். பேரு எனக்குத்தான் கெடும். சுவர் காயட்டும், அப்புறம் கூப்பிடுங்க.”

காசு வாங்காமல் போய்விட்டார். அந்த வீட்டுக்காக அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் யோசனை கேட்டோம். அதைவிட உருப்படியான யோசனை ஒன்றும் கிடைக்கவில்லை.

விற்பது என்ற முடிவில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னொரு மழைக்காலத்தை அந்த வீட்டில் அவர் தனியாகக் கழிப்பதை அக்காவாலும் என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்போது விற்பது, எப்படி விற்பது என்பதில்தான் தகராறு. அப்பாவுக்கு உடனே முடிய வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். அக்கா மட்டும்தான் பொறுமைசாலி.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. மெயின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு உள்ளே போனோம். எதையும் தொடுவதற்கு முன்னால் அறை அறையாகப் படம் எடுத்தோம், தண்ணீர்க் கோட்டின் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்தபடி. காப்பீட்டுக்காரர் அந்தப் படங்களைத்தான் முதலில் கேட்டார். சேறு ஈரமாக இருக்கும்போதே வாரிக் கொட்டிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். அது வெறும் சேறும் இல்லை, சாக்கடையும் கலந்தது. அதனால் கையுறை, முகமூடி, கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல். ஒரு விஷயம்: பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிடையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு ஆளையே சாய்த்துவிடும். அப்பா ஆசிட் பாட்டிலைத் திறக்கப் போனபோது அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

செப்டிக் டேங்க்கை உடனே உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றும் ஒருவர் வந்தார். மேஸ்திரிதான் தடுத்தார். சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், காலித் தொட்டி படகு மாதிரி மேலே கிளம்பும்; குழாய் இணைப்பெல்லாம் முறியும். நிலத்தடிக் கீழ்த்தளம் உள்ள வீடுகளுக்கும் இதே கதைதான். வெளியே மண் நிறையத் தண்ணீர் இருக்கும்போது உள்ளே மட்டும் ஒரே மூச்சில் இறைத்தால் சுவர் உள்பக்கமாகச் சரியலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், அடியில் ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ ஒரு டன் பாரத்தோடு அழுத்துகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறது.

என்ன தூக்கிப் போடுவது என்பதில் எங்கள் கணக்கு எளிது. ஊறி உப்பியது எல்லாம் வெளியே. மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் ரொட்டி போலப் பொங்கியிருந்தன. ஜிப்சம் பலகைத் தடுப்பு, மெத்தை, சோபா எல்லாம் போனது. பூஞ்சை நமக்காகக் காத்திருக்காது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதே மூன்று நாள். ஊறும் தன்மையுள்ள பொருளில் பூஞ்சை உள்ளே வேர்விட்டுவிடும், மேலே துடைத்துப் பயனில்லை. கெட்டி மரத்தில் செய்த அப்பாவின் எழுதுமேசை மட்டும் தப்பியது. அதன் இழுப்பறைகள் மூன்று மாதம் திறக்கவே இல்லை. நாலாம் மாதம் ஒருநாள் தானாகவே வழிக்கு வந்தன.

கதவுகள் வேறு கதை. எல்லாக் கதவும் உப்பி, நிலையில் சிக்கிக்கொண்டது. படுக்கையறைக் கதவைச் சாத்தவே முடியவில்லை என்று அப்பா ஓர் ஆசாரியைப் பிடித்து இழைக்கச் சொன்னார். அவரும் ஓரமெல்லாம் இழைத்து, கச்சிதமாகப் பொருத்திவிட்டுப் போனார். கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. அன்று முழுவதும் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி இருந்தது. மூன்று மாதம் கழித்து மரம் காய்ந்து சுருங்கியபோது கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகும் சந்து. சாத்தினாலும் உள்ளே விளக்கு எரிகிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். இழைக்காமல் விட்ட மற்ற கதவுகள் ஏறக்குறைய பழையபடி பொருந்தின. கடைசிவரை அந்த ஒரு கதவுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு ரீப்பர் அடித்து ஒப்பேற்றினோம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. அதாவது, எதுவும் செய்யாமல் இருப்பது.

தண்ணீர் நின்ற உயரம் மூன்றரை அடி. ஆனால் செங்கல் நுண்துளைகள் நிறைந்தது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். கோட்டுக்கு மேலேயும் ஓதம் ஓர் அடி ஏறியிருந்தது. மேஸ்திரி ஐந்தடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். நல்ல பூச்சுதானே, எதற்கு என்று கேட்டேன்.

“தம்பி, ஈரத்துணியை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சா காயுமா? சிமெண்ட் பூச்சும் அதுமேல எனாமலும் கவர் மாதிரிதான்.”

சுவர் காய, தோராயமாக ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் சுவர் ஒன்பது அங்குலம். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் ஒன்பது மாதம். இருபுறமும் உரித்தால் நாலரை. அப்பாவிடம் ஒன்பது மாதம் என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு நாலரையைச் சொன்னேன். பேரம் படிந்தது.

அக்காதான் அந்த சாக்பீஸ் வேலையை ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் காலையில் வந்து, உரித்த செங்கல்லில் கறுப்பாகத் தெரியும் ஈரத்தின் மேல் விளிம்பைச் சாக்பீஸால் கோடிழுப்பாள். பக்கத்தில் தேதி. ஒரு படம். முதல் மாதம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே நின்றன. இரண்டாம் மாதம் இரண்டு விரல், மூன்று விரல் இறங்கின. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். “கூடம் எவ்வளவு இறங்கிருக்கு? அடுப்படி?” என்று போனில் கேட்பார்.

ஜன்னலை எப்போதும் திறந்து வைப்பது நல்லது என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. வெளியே காற்று உலர்ந்திருந்தால்தான் திறக்க வேண்டும். புழுக்கமான நாளில் திறந்தால் வெளி ஈரத்தை நாமே வரவேற்று உட்கார வைக்கிறோம். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வாடகைக்கு எடுத்த ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டினோம். முதல் நாள் அதன் தொட்டியிலிருந்து பதினான்கு லிட்டர் தண்ணீர் கொட்டினேன். வாளியில் பார்த்தபோது, இதெல்லாம் காற்றிலா இருந்தது என்று நம்பவே முடியவில்லை. சூடேற்றும் விசிறியை வைத்து விரட்டிக் காயவைக்கலாமா என்று கேட்டதற்கும் மேஸ்திரி தலையாட்டவில்லை. சடாரென்று காய்ந்தால் மரம் வெடிக்கும், கல்லுக்குள் இருக்கும் உப்பெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்து முகப்பைப் பொருக்குத் தட்டவைக்கும் என்றார்.

உப்பு எப்படியும் பூத்தது. சுவர் காயக் காய, உள்ளே கரைந்திருந்த உப்பு தண்ணீரோடு வெளிப்பரப்புக்கு வந்து, தண்ணீர் ஆவியானதும் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் ஈரத்துணியால் துடைத்தேன். பளிச்சென்று போய்விட்டது. மறுவாரம் அதே இடத்தில் அதே பூ. கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகிறது, அவ்வளவுதான். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே உதிர்ந்ததைக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஞாயிறு காலைகளில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை அதுதான்.

ஈரமானியும் ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசி உள்ளது. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்லும். மரத்துக்கு அது நம்பகமானது. 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வழியில்லை. நாங்கள் 15 வரும்வரை பொறுத்தோம். சுவரில் அதே கருவி பொய் சொல்லும். உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். தரைக்கு இன்னும் எளிய வழி: பதினெட்டு அங்குலச் சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது பதினாறு மணி நேரம் விட வேண்டும். மறுநாள் காலையில் தாளுக்கு அடியில் பனித்துளி மாதிரி கோத்திருந்தால் கான்கிரீட் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கூடத்தில் மூன்று முறை கோத்தது. நாலாவது முறை உலர்ந்து கிடந்த தாளை அப்பா எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

குளியலறையை ஒட்டிய வடக்குச் சுவர் மட்டும் அடம்பிடித்தது. மற்ற சுவர்களில் கோடு முழங்காலுக்கு இறங்கியபோதும் இங்கே அசையவில்லை. ஒரு ஞாயிறு, முந்தின வாரத்தைவிட அரை அங்குலம் மேலேயே இருந்தது. அக்கா சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, “இது வெள்ளத் தண்ணி இல்லடா” என்றாள். கொத்திப் பார்த்தால் உள்ளே குழாய் இணைப்பில் ஊசிமுனைக் கசிவு. கசிந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெள்ளத்துக்கு முன்பிருந்தே கசிந்துகொண்டிருக்கிறது. அந்த மூலையில் பல வருஷமாக ஒரு வாடை இருந்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம். பாவம், எல்லாப் பழியையும் வெள்ளத்தின் தலையில் போட்டிருந்தோம்.

தென்மேற்கு மூலையில் ஒரு விரிசல். அஸ்திவாரம் இறங்குகிறதா, வெறும் பூச்சு விரிசலா என்று தெரிந்தாக வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருமுனையும் பசையிட்டு ஒட்டி, தேதி எழுதினார் மேஸ்திரி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை. நான்கு மாதம் ஒவ்வொரு முறை வாசலில் கால் வைக்கும்போதும் என் கண் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் தேடும்.

மின்சார வேலையில் எனக்கு மறக்காத காட்சி ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன் தாழ்வான ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் அவர் மடியில் ஊற்றியது. சுவருக்குள் போகும் குழாய்களில் அத்தனை நாளும் தண்ணீர் தங்கியிருக்கிறது! நனைந்த பிரேக்கர்களைக் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்ட அப்பாவுக்கு, “பார்க்க நல்லாத்தான் இருக்கும். விழ வேண்டிய நேரத்துல விழாது” என்று பதில் வந்தது. எல்லாம் புதிது. வயர்களையும் உருவி எடுத்துப் புதிது இழுத்தோம். கடைசியில், வயரின் உறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து ஒவ்வொரு சுற்றையும் சோதித்து, கசிவுக்கான தடை 1 மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் தண்ணீர்க் கோட்டுக்கு ஓர் அடி மேலே ஏற்றினோம். பார்க்கக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. சாக்கடைக் குழாயில், தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றும் போட்டோம்.

அப்புறம் பூச்சு, டைல்ஸ், பட்டி, பெயிண்ட். அதே பெயிண்டர்தான். அடுப்படியைப் புதுமோஸ்தரில் மாற்றியதுதான் நாங்கள் செய்த ஒரே தண்டச்செலவு. விற்கும் வீட்டில் நம் ரசனைக்கு யாரும் காசு தருவதில்லை. வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பாராட்டவில்லை.

வீடு பளபளவென்று நின்றது. தரகர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

“கோடு எதுவும் தெரியல. கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி நாமளா எதுக்கு எடுத்துக் குடுக்கணும்?”

நான் உத்தமன் ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க அவர் சொன்னதை யோசித்தேன். வெள்ளம் புகுந்ததை விற்பவர் எழுதியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் உள்ள இடங்கள் உண்டு. வாங்குபவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடும் இடங்களும் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் தெரியும். மறைத்தால் வாங்குபவர் அதைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார், அட்வான்ஸ் கொடுத்த பிறகு. அதோடு, நாலரை மாதம் அந்தச் சுவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை இல்லாததாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அக்கா ஏற்கெனவே ஒரு கோப்பு தயார் செய்திருந்தாள்: சாக்பீஸ் படங்கள் தேதிவாரியாக, கண்ணாடித் துண்டின் படம், மெக்கர் அளவுகள், வால்வு எங்கே இருக்கிறது என்று கையால் வரைந்த படம்.

முதலில் வந்தவர்கள் கோப்பைத் திறந்ததும் கிளம்பினார்கள். ஆறு குடும்பம் அப்படிப் போயிற்று. ஒருவர், மொத்தமாக வாங்கித் திருத்தி விற்பவர், பாதி விலைக்குக் கேட்டார். அதுவும் நாங்கள் எல்லாவற்றையும் திருத்திய பிறகு. தரகர் எங்கள் போனை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். அப்பா இரவில் தூங்கவில்லை. “அந்த ஃபைலை உள்ள வைங்கடா” என்று இரண்டு முறை சொன்னார்.

ஏழாவதாக ஓர் அம்மாள், மகனோடு வந்தார். கூடத்தைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்க்கவில்லை. நேராகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறிய அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். வெளியே வந்து, “வாடை இல்லை” என்றார் மகனிடம். அப்புறம் என்னிடம் திரும்பி, “எவ்வளவு உசரம் வந்துச்சு?” என்றார். என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அவர் தன் கழுத்தில் கை வைத்துக் காட்டினார்.

“நாங்க இருந்த வீட்டுல இவ்வளவு. மூணாவது மாசமே பெயிண்ட் அடிச்சோம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மேற்கொண்டு கேட்கத் தேவையிருக்கவில்லை.

கோப்பை ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போனார். தனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து சுவரெல்லாம் தட்டிப் பார்க்கச் சொன்னார். டைல்ஸில் இரண்டு இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்டது, மாற்றிக் கொடுத்தோம். ரீப்பர் அடித்த கதவைப் பற்றியும் கேட்டார். அப்பாவே அந்தக் கதையைச் சொன்னார், ஆசாரியின் மேல் பாதிப் பழியைப் போட்டு.

வெள்ளம் பார்க்காத தெருக்களின் விலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் முடித்தோம். செலவைக் கழித்துப் பார்த்தால், சேற்றோடு சேற்றாக முதல் மாதமே விற்றிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காதோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அப்பாவோ, கோப்பு மட்டும் இல்லையென்றால் முழு விலைக்கே போயிருக்கும் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

சாவி கொடுக்கும் நாளில் அந்த அம்மாள் ஓர் அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் அதை வடக்குச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்கள்.

“அம்மா, ஒட்டிப் போடாதீங்க” என்று உள்ளே ஓடினார் அப்பா. “நாலு விரல் இடம் விடுங்க. பின்னால காத்து போகணும். புழுக்கமான நாள்ல இந்த ஜன்னலத் திறக்காதீங்க. உப்பு பூத்தா துடைக்காதீங்க, காஞ்ச பிரஷ்ல தேய்ங்க. பெயிண்டரோட நம்பர் தர்றேன், அவசரப்பட்டு அடிக்கிற ஆளில்லை அவரு...”

அரை மணி நேரம் போயிற்று. அக்கா வண்டியில் உட்கார்ந்து மூன்று முறை ஹாரன் அடித்தாள். ஒருவழியாக அப்பா வந்து ஏறினார். பாதி தூரம் போன பிறகு சட்டைப்பையைத் தடவினார். மடித்த பாலிதீன் தாளோடு சேர்ந்து சாவிக்கொத்தும் வந்தது.

வண்டியைத் திருப்பினோம்.